பத்தாவது சிகரத்தின் இரண்டாம் பாகம்

எனக்குத் தேநீர் பிடிக்காது. பதுளையில் பிறந்து, நாலு பக்கமும் தேயிலையைப் பார்த்தே வளர்ந்தவன் இப்படிச் சொல்வது பெரும் பாவம் என்று என் மனைவி மர்லியா சொல்வாள். உங்களுக்கு வேண்டுமென்றால் அவள் ஊற்றித் தருவாள், தம்பி. நான் கோப்பிதான். உட்காருங்கள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் கட்டை, சுவரோடு சாய்த்துக்கொண்டால் விழாது.

நீங்கள் கண்டியிலிருந்து பஸ்ஸேறி வந்து, ‘பத்தாவது சிகரம்’ இரண்டாம் பாகத்தை நாலு தடவை படித்தேன் என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் வாயெல்லாம் பல்லாக நின்றேன். அதற்குப் பிறகுதான் பையைத் திறந்து அந்தப் படிவத்தின் கார்பன் பிரதியை மேசையில் விரித்தீர்கள். கப்பலேறி இந்தியாவுக்குப் போன தோட்டத்துச் சனங்களைப் பற்றி ஆராய்வதாகச் சொன்னீர்கள். நீலகிரிப் பக்கம் ஒரு குடும்பம் இதைத் தகரப்பெட்டியில் பன்னிரண்டு வருஷமாக வைத்திருந்ததாம். கையெழுத்து யாருடையது என்று கேட்டீர்கள். என்னுடையதுதான். இவ்வளவு வடிவாக ஆங்கிலம் எழுத அந்த நாளில் பதுளையில் வேறு ஆள் கிடையாது.

மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீங்களும் கதைப் பிரியர்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு எதிர்ப்பக்கம் ஒரு மேசையும் டைப்ரைட்டரும் போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தேன். காணிச் சண்டை, பிறப்புப் பதிவு, புருஷன் காணாமற்போனது, எருமை காணாமற்போனது, எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். எருமைக்காரர்கள்தான் அதிகமாக அழுவார்கள். நாள் முழுக்க ‘தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்’ என்று எழுதிய கைக்கு, மேசையைத் தூக்கி வைத்த பிறகு ஒரு ராஜ்யம் தேவைப்பட்டது. அதனால் கதை எழுதினேன்.

நமுனுகுல மலைக்கு ஒன்பது சிகரம் என்பார்கள். பத்தாவதாக ஒன்று இருக்கிறது, மூடுபனி இறங்கும்போது மட்டும் தெரியும், அங்கே ராணி மேகவல்லி ஆள்கிறாள் என்று நான் கண்டுபிடித்தேன். அவளுக்கு ஒரு பறக்கும் குதிரை. யாரைப் பார்த்தாலும் தூங்கவைத்துவிடும் கொட்டாவிப் பூதம் ஒன்று. சூழ்ச்சிக்கார மந்திரி இல்லாமல் ராஜ்யம் ஏது, அவனும் உண்டு. அறுபத்தாறில் ஐந்நூறு பிரதி அச்சடித்தோம், ஆறே மாதத்தில் முடிந்துவிட்டது. பண்டாரவளையில் ஒரு கடைக்காரர் கடைசிப் பிரதியை விற்காமல் இரவல் கொடுத்தே பெரிய மனிதரானார் என்று கேள்வி.

ஒரே ஒரு பிழை விட்டிருந்தேன். கடைசி அத்தியாயத்தில் ராணி சிகரத்தின் கதவைப் பூட்டி, சாவியை விழுங்கிவிடுகிறாள். படிக்கிறவர்கள் அழ வேண்டும் என்று செய்தது. அழுதார்கள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்ததும், அடுத்த பாகம் எங்கே என்று கேட்டார்கள். நான் இரண்டு வருஷம் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி வரவில்லை.

“சாவிய முழுங்க வெச்சது நீங்கதானே. இப்ப யாரோட சண்ட பிடிக்கிறீங்க?” என்பாள் மர்லியா.

அறுபத்தெட்டில் படிவக் காலம் வந்தது. இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்து, எந்த நாடும் இல்லாமல் கிடந்த தோட்டத்துச் சனங்களைப் பங்குபோட்டுக்கொண்ட கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இங்கேயே பிரஜையாக இருக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு படிவம். இந்தியப் பிரஜையாகி அங்கே போக விரும்புகிறவர்களுக்கு வேறொன்று. எழுபதாம் ஆண்டு ஏப்ரல் கடைசியோடு சரி. இரண்டு வகையும் என் மேசையில் இரண்டு கட்டாக இருந்தன. இலங்கைக் கட்டு காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல் வைத்திருப்பேன், இந்தியக் கட்டின் மேலே பசைப்போத்தல். வருகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், வெறும் ஆங்கிலம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தபோது, மேசைக்கு முன்னால் ஒரு புருஷனும் பெண்சாதியும் நின்றார்கள். தம்பையா, நல்லம்மா. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவன் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், அவள் கொழுந்து பறிப்பவள். மூன்று பிள்ளைகள், அவளுடைய அப்பன் நல்லையா, ஆகக் குடும்பத்தில் ஆறு பேர்.

தம்பையா அதிகம் பேசமாட்டான், எல்லோரையும் போல என்னை அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்பான். “எங்களுக்கு இங்கனயே இருக்கணுங்க நானா. எங்க ஆத்தா அப்பன எல்லாம் இங்கதான் பொதச்சிருக்கோம். வேற ஒண்ணும் வேணாம்,” என்றான். நான் அவனோடு பழகிய மூன்று வருஷத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

நல்லம்மா என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள், தமிழ் நன்றாக வாசிப்பாள்.

“நீங்கதானே பத்தாவது சிகரம் எழுதுனது?” என்றாள்.

“ஆமா தங்கச்சி.”

“கதவப் பூட்டிட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. நாங்க என்னா பண்றது? அதான் கூரத் தகரத்தப் பிரிச்சு எறக்கிட்டோம்.”

“யார எறக்கினீங்க?”

“ராணியத்தான். இப்ப எங்க நெரையிலதான் கொழுந்து எடுக்குறா. சம்பளம் போடுற செக்ரோல்லதான் இன்னும் பேரு பதியல.”

தம்பி, அந்த நிமிஷம் எனக்கு எழுந்து ஆடலாம்போல இருந்தது. சந்தோஷத்தில் காது சூடானது. இரண்டு வருஷம் நான் சாவித் துவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கூரை என்று ஒன்று இருப்பது என் புத்திக்கு எட்டவேயில்லை. பக்கத்தில் நின்றவர்களையெல்லாம் நாளைக்கு வரச்சொல்லிவிட்டு அவளை உட்காரவைத்தேன்.

அவள் சொன்னாள், நான் மனுத்தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். பத்தாவது சிகரத்தின் ஆட்கள் ஒருவர்பின் ஒருவராகத் தோட்டத்துக்கு இறங்கி வருகிறார்கள். மந்திரி வந்ததும் வராததுமாகக் கணக்கப்பிள்ளை வேலைக்குச் சேர்ந்துவிட்டான், இரண்டும் ஒரே வேலைதானே என்றாள். பறக்கும் குதிரையைத் தோட்டத்து லொறியாக்கிவிட்டார்கள். பறந்து பழகியதால் அதற்கு ஓடத் தெரியாது, அதனால்தான் தினமும் பத்துப் பேர் தள்ள வேண்டியிருக்கிறது. கொட்டாவிப் பூதத்துக்குக் காலையில் பெரட்டுக்குத் தப்படித்து ஆள் கூப்பிடுகிற வேலை. அதனால்தான் வேலைக்கு வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் கொட்டாவி விடுகிறார்கள். சேனாதிபதி கோச்சியில், அதுதான் ரயிலில், போகும்போது பாதை வட்டமடிக்கும் தெமோதரை வளைவில் தன் கோச்சியின் வாலையே ஜன்னல் வழியாகப் பார்த்து, எதிரிப்படை வருகிறது என்று வாளை உருவிவிட்டான். நான் சிரித்துச் சிரித்துப் பேனாவைக் கீழே போட்டேன். தம்பையாகூடக் கொஞ்சம் சிரித்தான்.

படிவம் அன்றைக்கு நிரப்பவில்லை. இன்னொரு கடதாசி வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை வந்தார்கள், கதை வந்தது, கடதாசியும் வந்தது. அதற்கு மேலே இன்னொன்று வேண்டும் என்றேன். இப்படி ஒன்பது முறை வரவழைத்தேன். ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஒருநாள் வேலை போயிற்று என்பது உண்மை. ஆனால் அவளும் ரசித்துத்தான் வந்தாள். எழுதுகிறவன் முன்னால் உட்கார்ந்து கதை சொல்வது கொழுந்து பறிப்பதைவிட நன்றாக இருக்கிறது என்று அவளே சொன்னாள்.

ஒருநாள் நானே பஸ்ஸேறி அவள் தோட்டத்துக்குப் போனேன். அங்கே கதை சொல்கிற விதம் இருக்கிறதே, அதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மலைச்சரிவில் பெண்கள் ஆளுக்கொரு தேயிலை நிரை பிடித்துப் போகிறார்கள். நல்லம்மா நடுநிரையில். அவள் ஒரு வாக்கியம் சொல்வாள், இரண்டு பக்கத்திலும் நிற்கிறவர்கள் அதை அடுத்த நிரைக்குச் சொல்வார்கள், அவர்கள் அடுத்ததற்கு. மேல்கோடிக்குப் போகும்போது ராணிக்கு ஒரு குழந்தை கூடியிருக்கும். கீழ்கோடிக்குப் போகும்போது மந்திரிக்கு ஒரு பல் குறைந்திருக்கும். பிறகு எது மெய் என்று இரண்டு கோடியும் நடுநிரையைப் பார்த்துக் கத்திச் சண்டைபிடிக்கும். கங்காணி அதட்ட வருவார், வந்தவர் ராணிக்குப் பேர் பதிந்தாயிற்றா என்று விசாரித்துவிட்டுப் போவார். நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, குழந்தை மாதிரிக் கைதட்டினேன். என் ஐந்நூறு பிரதியும் சேர்ந்து இப்படி ஒரு கூத்தை அடிக்கவில்லை.

அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கொஞ்சம் வயிறும் எரிந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அறுபத்தொன்பது கடைசியில் இரண்டாம் பாகம் ஏறக்குறைய முடிந்தது. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அதை அவள் சொல்லவில்லை. “பேப்பர் கையில வரட்டும் நானா, அப்பறம் சொல்றேன். இல்லாட்டி நீங்க எங்கள மறந்துருவீங்க,” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எழுதியவரைக்கும் ஹாலிஎலயில் தையற்கடை வைத்திருந்த என் சிநேகிதன் புஹாரிக்குப் படிக்கக் கொடுத்தேன். அவன் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஒரே மூச்சில் படித்தான்.

“நல்லா ஈக்குது மச்சான்,” என்றான். “நமுனுகுலயில நல்லம்மாண்டு ஒருத்தி சொல்ற கததானே. சட்ட தைக்க வாற தோட்டத்து ஆக்களெல்லாம் இதத்தான் பேசுறாங்க. நீங்க எழுதி எடுத்தது நல்லம்.”

எழுதி எடுத்தது. இருபது வருஷம் பேனா பிடித்தவனைப் பார்த்து, எழுதி எடுத்தது என்கிறான். நான் அவனோடு சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். நிதானமாக, நாலு பக்கமும் பார்த்து யோசித்தேன். பத்தாவது சிகரம் என்னுடையது. ராணியும் பூதமும் என்னுடையவர்கள். அவர்களைப் பதுளைக்குக் கூட்டிவந்தது மட்டும்தான் அவள். அடுத்த முறை வந்தபோது, “பொஸ்தகத்துல எங்க பேரையும் ஒரு ஓரத்துல போடுங்க நானா, புள்ளைங்க பாத்துச் சந்தோசப்படும்,” என்று கேட்டாள். போடுறேன் தங்கச்சி என்றேன். ஆனால் ஒரு புத்தகத்துக்கு ஒரு பெயர்தானே அழகு. அவள் அந்த நிரையில் நிற்கும்வரைக்கும் உவா மாகாணத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அது நல்லம்மா கதைதான். புத்தகத்தைக் கையில் கொடுத்தாலும், ஓ இதுவா, எங்களுக்குத் தெரியுமே என்பார்கள்.

எழுபது ஏப்ரல் கடைசி வாரம், படிவம் கொடுக்க இனி நாளில்லை என்ற நிலையில் அவர்கள் வந்தார்கள். கச்சேரிக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். இந்த முறை அப்பன் நல்லையாவையும் கூட்டிவந்திருந்தார்கள். பூர்வீகம் எது என்று படிவத்துக்காகக் கேட்டேன். துறையூர்ப் பக்கம் என்று கிழவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர், அந்த ஊரைப் பார்த்த ஞாபகமே கிடையாது. ஆனாலும் பனைமரம் நாலு பக்கமும் நிற்கும் என்றார், தரை மலையில்லாமல் பாய் விரித்த மாதிரி இருக்கும் என்றார், கிணற்றுத் தண்ணீர் கரும்பாக இனிக்கும் என்றார். எல்லாம் அவர் தன் அப்பனிடம் கேட்டது.

கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. நல்லம்மா சொன்ன பத்தாவது சிகரத்திலும் பனைமரம் இருந்தது. மலை உச்சியில் பனை எப்படி வரும் என்று நான் கேட்டிருந்தேன், அங்க எல்லாம் வரும் நானா என்றிருந்தாள். இவர்களுக்கு மாயராஜ்யம் எது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆறு பேரையும் அவர்களுடைய பத்தாவது சிகரத்துக்கே அனுப்பிவைக்கலாம், கதவு என் மேசையில் இருக்கிறது. இவ்வளவு பெரிய யோசனை எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. மனம் குதித்தது. கல்லைத் தூக்கவில்லை, பசைப்போத்தலைத் தூக்கினேன். நான் கையால் செய்தது அவ்வளவுதான்.

ஆறு பேரின் பெயரையும் வடிவாக எழுதினேன். “எல்லாம் சரிதானே நானா?” என்று தம்பையா கேட்டான். “எல்லாம் சரி,” என்றேன். அவனுடைய இடது பெருவிரலை நானே மையில் தோய்த்து அழுத்தினேன். நல்லம்மா தன் பெயரைத் தமிழில் எழுதினாள், ‘ல்’லுக்கு மேலே பெரிய புள்ளியாக வைத்தாள். கார்பன் பிரதியை மடித்து, பத்திரமாக வைக்கும்படி கொடுத்தேன். அது எந்த நாட்டுப் படிவம் என்று அவர்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரிடமும் காட்டிக் கேட்கவேயில்லை. மர்ஸூக் நானா எழுதியது, பத்தாவது சிகரம் எழுதின கை. அதைப் போய்ப் பரீட்சை பார்ப்பார்களா?

அதற்குப் பிறகு வந்த கடிதங்களையும் என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். எழுதியவரிடமே வாசிக்கக் கொடுப்பதுதான் தோட்டத்து வழக்கம். முதல் கடிதம் குடும்பத்தின் படங்களைக் கேட்டது. பாஸ்போர்ட்டுக்கு. பிரஜாவுரிமைக்குப் படம் கேட்கிறார்கள் என்றேன், அதில் பொய்யும் இல்லை. பதுளைப் படக்கடைக்கு நானே கூட்டிப்போனேன். மூத்தவள் கருப்பம்மாவுக்குப் பத்து வயது, பளிச்சென்று வெளிச்சம் அடித்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை, நாலு முறை எடுக்க வேண்டியிருந்தது. கிழவர் சால்வையைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு ராஜாபோல உட்கார்ந்தார். ராணி மேகவல்லி பரம்பரை என்று நான் சொல்ல, கடைக்காரர் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் என்று எண்ணினால் அதுவும் ஒன்று.

அன்றைக்கு நினைத்திருந்தால் மாற்றியிருக்கலாமா என்று கேட்கப் பார்க்கிறீர்கள். மாற்றியிருக்கலாம். பிழையாகப் போய்விட்டது என்று ஒரு மனு. ஆயிரம் எழுதியவனுக்கு ஆயிரத்தொன்று பெரிதல்ல.

எழுபத்தொன்றில் பாஸ்போர்ட் வந்தது. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் பார்த்துச் சொல்லியிருக்கிறார், நீங்கள் இந்தியாவுக்குப் போகக் கேட்டிருக்கிறீர்கள், கிடைத்துவிட்டது என்று. மழையில் நனைந்துகொண்டே வந்தார்கள். நல்லம்மா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நாங்க இருக்கணும்னுதானே நானா கேட்டோம்?”

“கந்தோர்ல நடந்த பிழை தங்கச்சி, ஆபீஸ்காரங்க பிழை,” என்றேன். “நான் எழுதுறேன். இப்பவே எழுதுறேன், பார்.”

அவர்கள் கண்முன்னாலேயே டைப்ரைட்டரில் தாளை ஏற்றி ஒரு பக்கம் முழுக்க அடித்தேன். கொழும்பில் ஒரு புத்தகக் கடைக்கு, இரண்டாம் பாகம் இருநூறு பிரதி எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் அது. மரியாதையாக, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் வந்தது. நல்லம்மா ஒவ்வொரு தட்டுக்கும் தலையை ஆட்டினாள். உறையில் போட்டு ஒட்டியதும் கையெடுத்துக் கும்பிட்டாள். அதைத் தபாலில் போடவும் அவள்தான் ஓடினாள். கடைக்காரர் இருநூறும் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் தை பிறந்து சில நாளில் அவர்கள் போனார்கள். காலைக் கோச்சி. பதுளை ஸ்டேஷன் முழுக்க ஒப்பாரி. இருந்தும் நான் போய் வழியனுப்பினேன், ஒரு பை நிறையப் பணிஸ் ரொட்டி வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். நல்லம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் கொழுந்துக் கூடை. அதையா கொண்டுபோகிறாய் என்று கேட்டேன், அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கோச்சி கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கடைசி அத்தியாயத்தைக் கேட்டேன்.

அவள் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள், ஆனால் ஒரு சொல் தடுமாறவில்லை. நான் கோச்சியின் பக்கப்பலகையில் தாளை வைத்து எழுதினேன்.

“பத்தாவது சிகரத்துல இருந்து ஆடர் வருது நானா. எல்லாரும் திரும்பி வந்துரணும்னு. கதவ தொறந்து வெச்சிட்டாங்க. மந்திரி, பூதம், குதிர எல்லாம் வரிசையில நிக்கிது. ராணி மட்டும் கூடைய மாட்டிக்கிட்டு நெரைக்குப் போறா. கூப்புட வந்த ஆள்கிட்ட சொல்றா, என் நெர இன்னும் முடியல, முடிச்சிட்டு வாறேன்னு. நெர எங்க நானா முடியிறது? கடேசிக்குப் போறதுக்குள்ள ஆரம்பத்துல கொழுந்து வந்துருது. அவ எடுத்துக்கிட்டே இருக்கா. அவ்வளவுதான் கத.”

கோச்சி நகர்ந்தது. நான் தாளை உலர்த்த ஊதிக்கொண்டே கை காட்டினேன்.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. வாசகனைச் சந்தோஷமாக எழுப்பி அனுப்ப வேண்டாமா? அதனால் மாற்றினேன். மேளதாளத்தோடு ராணி சிகரத்துக்கு ஏறுகிறாள், பனைமரங்கள் தலையசைக்கின்றன, எல்லோரும் சொந்த மண்ணில் சுகமாக வாழ்கிறார்கள். எழுபத்திரண்டு நோன்புப் பெருநாளுக்குப் புத்தகம் வந்தது. முதல் பாகத்தைவிட மூன்று மடங்கு போயிற்று. அட்டையில் ஒரு பெயர், என்னுடையது. தோட்டங்களில் யாரும் இது யார் கதை என்று கேட்கவில்லை. அந்த நிரைக்காரிகளில் பாதிப்பேர் அதே கோச்சியில் போய்விட்டிருந்தார்கள். மர்லியா மட்டும் இரண்டாம் பாகத்தை இன்றுவரை திறக்கவில்லை. என்னிடம் எப்போதோ ஒருமுறை, “எந்தக் கட்டுல இருந்து எடுத்தீங்க?” என்று கேட்டாள். நான் சொன்னேன். அதன் பிறகு அவள் என் கதைகளைப் பற்றிப் பேசுவதில்லை.

கப்பலிறங்கிய ஒரு மாதத்தில் மண்டபம் முகாமில் நல்லையா இறந்துவிட்டார் என்று நீங்கள் சொன்னீர்கள். துறையூரைப் பார்க்காமலேயே. தம்பையா ரோட்டுக்குக் கல்லுடைத்து நெஞ்சு கெட்டுப் போனான் என்றும், கருப்பம்மாவைப் பதினோரு வயதில் கோயம்புத்தூரில் ஒரு வீட்டு வேலைக்கு விட்டவர்கள் பிறகு அவளைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றும் சொன்னீர்கள். கேட்க வருத்தமாகத்தான் இருந்தது. சிரிப்பை அடக்கத் தெரியாத பிள்ளை.

நல்லம்மா கார்பன் பிரதியை உங்களிடம் கொடுத்து, “பதுளையில மர்ஸூக் நானான்னு ஒருத்தரு இருக்காரு, கந்தோர்ல நடந்த பிழைய அவரு எழுதுனா சரியாகும்,” என்று சொல்லி அனுப்பினாளாம். பிழை எதுவும் நடக்கவில்லை, தம்பி. கந்தோரில் எல்லோரும் ஒழுங்காகத்தான் வேலை செய்தார்கள். நான் தெரிந்தே, அவர்கள் வேண்டாம் என்று சொன்ன நாட்டுக்கு, ஆறு பேரையும் எழுதினேன். வேண்டுமானால் இதையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறேன்.

நீங்கள் வந்ததும் புத்தகத்தைப் பற்றிச் சொன்னது ஒன்று மட்டும் என் மனதில் நிற்கிறது. எல்லாம் அபாரம், கடைசி அத்தியாயம் மட்டும் வேறு யாரோ எழுதிச் சேர்த்த மாதிரி இருக்கிறது என்றீர்கள். நல்ல வாசகர் நீங்கள். அது ஒன்றுதான் நான் எழுதியது.

பத்து வருஷமாக மூன்றாம் பாகம் கேட்கிறார்கள். ராணியை மேலே ஏற்றிவிட்டேன், எப்படி இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் மறுபடி நீலகிரிக்குப் போவீர்கள்தானே. நல்லம்மாவுக்கு என்மேல் இன்னும் அவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று கேட்டதிலிருந்து எனக்குப் பெரிய ஆறுதல், அந்தப் பெண்ணுக்கு ஏதோ நல்லது செய்திருக்கிறேன் என்றுதானே அதற்கு அர்த்தம். அவளிடம் என் சலாம் சொல்லி, ராணி எந்த வழியாகத் திரும்பி வருகிறாள் என்று கேட்டு எழுதி வாருங்கள். இந்த முறை அவள் பெயரை ஒரு ஓரத்தில் போடுகிறேன்.